ஆட்டம் ஓய்ந்த காலத்துப் பேச்சு



பால்மரத் தோட்டங்களை அடுத்து வாழும் நமக்கு இலையுதிர் காலம் புதிதன்று. ஆண்டின் தொடக்க மாதங்களில் கெடாவின் தோட்டங்களில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பால் குறையும். மரம் வெட்டுகிறவர் கையில் காசு குறையும். அவர் கையில் குறைந்தால் நம் கல்லாப் பெட்டியிலும் குறையும். ஆயினும் அந்நாட்களில் குறையாத பொருள் ஒன்று உண்டு, அது பேச்சு. வேலை குறைந்தவர்க்குப் பேச நேரம் மிகுதி அன்றோ?

காற்பந்துக்கும் இப்படி ஓர் இலையுதிர் காலம் உண்டு. ஒரு பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த நாள் தொட்டு, மறு பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கும் நாள் வரையில் திடலில் பந்து உருளுவதில்லை. ஆனால் சிடாம் கிரியிலும், சுங்கைப் பட்டாணியிலும், பாடாங் செராயிலும், கூலிமிலும் நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் ஆட்டம் ஓய்வதில்லை. இஷாத் தொழுகை முடிந்து வந்து அமர்ந்தவர் கடை அடைக்கும் வரை எழுவதில்லை. எந்த ஆட்டக்காரர் அணியை விட்டுப் போகிறார், எவர் வருகிறார், எவருக்கு மாதம் எத்தனை ஆயிரம் வெள்ளி, பயிற்றுநர் நீடிப்பாரா நீக்கப்படுவாரா, முழங்காலில் அடிபட்டவர் இனி ஓடுவாரா என்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பதில்களுக்கு அதைவிடப் பஞ்சமில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் ஓர் அணியைக் கலைத்து, வேறோர் அணியைக் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பின்னர் நம் கடையிலேயே நடந்த ஒரு சம்பவம் நம்மை அசைத்தது. அதனைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன் கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வது நலம். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றி, அதிலும் ஊரார் எல்லோரும் அறிந்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றி, நாம் எதுவரை பேசலாம்? அவர் திடலில் இறங்கிவிட்டார் என்பதால் அவருடைய பெயர் நம் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிடுமா?

முதலில் இப்பேச்சினால் விளையும் நன்மையைச் சொல்லிவிடுவோம். ஒருவர் கணக்கில் பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாமல் விடுவது வணிகர்க்கு அழகன்று. நம் கடை மேசை ஒன்றில் மலாய்க்கார லாரி ஓட்டுநரும், சீன இரும்புக் கடைக்காரரும், தோட்டத்துத் தமிழரும், இராமநாதபுரத்திலிருந்து வந்து ரொட்டி போடும் நம் பிள்ளையும் ஒன்றாய் அமர்ந்து பேசக்கூடிய பொருள் எத்தனை உண்டு? அரசியல் பேசினால் மனம் கசக்கிறது. சமயம் பேச அவரவர்க்குத் தயக்கம். விலைவாசி பேசினாலோ எல்லோரும் திரும்பி நம்மையே பார்க்கிறார்கள்! காற்பந்து ஒன்றுதான் நால்வரையும் ஒரே மேசையில் அமர்த்துகிறது. கெடா அணி தோற்ற இரவில் நால்வருக்கும் ஒரே துக்கம். வென்ற இரவில் நால்வருக்கும் ஒரே மகிழ்ச்சி. இதனை எளிதாக எண்ணிவிட முடியாது.

அந்த அணியின் வரலாறும் பேசத் தகுந்த வரலாறுதான். 1921-ஆம் ஆண்டில் 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வழங்கிய கிண்ணத்திற்காகத் தொடங்கிய போட்டி, 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்னும் பெயரால் நடைபெற்று வருகிறது. அக்கிண்ணத்தைக் கெடா முதன்முதலாக வென்றது 1990-இல்தான். ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காத்திருப்பு! அதிலும் கடைசி மூன்று ஆண்டுகள்தாம் மிகக் கொடியவை. 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதி ஆட்டம் வரை சென்று, மூன்று முறையும் கோலாலம்பூர் அணியிடமே தோற்றுத் திரும்பியது.

அந்த மூன்று ஓய்வுக் காலங்களிலும் கெடாவின் கடைகளில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்க்கலாம். 'இவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை' என்று ஒருவர் கூறியிருப்பார். 'கெடாவின் தலையில் கிண்ணம் எழுதப்படவில்லை' என்று மற்றொருவர் கூறியிருப்பார். ஆனால் 1990-இல் கெடா அணி சிலாங்கூரை இறுதி ஆட்டத்தில் வென்று கிண்ணத்தை அலோர் ஸ்டாருக்குக் கொண்டு வந்தது. மூன்றாண்டுப் பேச்சும் ஒரே மாலையில் பொய்யாயிற்று. அப்படிப் பேசியவர் எவரேனும் மறுநாள் வந்து, 'நான் தவறாகப் பேசிவிட்டேன்' என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கமாட்டார். கொண்டாட்டத்தில் கலந்திருப்பார். மனித இயல்பு அதுதான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆட்டம் நடைபெறும் மாதங்களில் நம் பேச்சுக்கு ஒரு தராசு உண்டு. 'இவன் உதவாதவன்' என்று இன்று சொல்கிறோம். சில நாளில் அவன் இரண்டு கோல் போட்டுவிட்டால் நம் சொல் தானே விழுந்துவிடும். அடுத்த ஆட்டம் வந்து முந்திய பேச்சைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஓய்வுக் காலத்தில் அந்தத் தராசு இல்லை. மாதக்கணக்கில் திருத்துவார் எவருமின்றிப் பேச்சு மட்டும் வளர்கிறது. சரக்கு வராத சந்தையில் விலை மட்டும் ஏறி இறங்குவது போன்றது இது. அத்தகைய சந்தையில் யார் பிழைக்கிறார், யார் கெடுகிறார் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கையில் இல்லாத சரக்கை விற்காதே என்பது நம் மார்க்கம் வணிகருக்குக் கற்பித்துள்ள பாடங்களில் ஒன்று. அரிசிக்கும் துணிக்கும் அதனைக் கைக்கொள்ளும் நாம், செய்திக்கு மட்டும் ஏன் கைவிட வேண்டும்? நம் கையில் இல்லாத செய்தியை விற்பதும் இல்லாத சரக்கை விற்பதே.

'ஊரறிய ஆடுகிறவன் ஊரார் பேச்சைத் தாங்கத்தான் வேண்டும்' என்று சொல்வோர் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நம் கடையின் முன்பகுதியில் சரக்கை அடுக்கி வைக்கிறோம். வருகிறவர் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், 'இது போன மாதத்துச் சரக்கு' என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அதற்கு நாம் கோபிப்பதில்லை. ஆனால் நம் கிடங்கிற்குள் ஒருபோதும் காலெடுத்து வைக்காத ஒருவர் தெருவில் நின்று, 'உள்ளே எல்லாம் கலப்படம். கடனுக்கு வாங்கிப் போட்டிருக்கிறான். அடுத்த மாதம் கடையை மூடிவிடுவான்' என்று சொன்னால் பொறுப்போமா? பொறுக்கமாட்டோம். அந்தச் சொல் ஒன்றே போதும், பினாங்கிலுள்ள மொத்த வியாபாரி நமக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட. பொய்யான சொல்லே மெய்யான நட்டத்தை உண்டாக்கிவிடும். அப்படிக் கவிழ்ந்துபோன கடைகளை நம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆட்டக்காரர் திடலில் ஆடும் ஆட்டம் கடையின் முன்பகுதி. அவர் பந்தைத் தவறவிட்டார், ஓடாமல் நின்றார், எளிய கோலை வானத்துக்கு அடித்தார் என்றெல்லாம் நாம் தாராளமாகப் பேசலாம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்க்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் ஏன் ஓடவில்லை, எவரிடம் என்ன வாங்கினார், வீட்டில் யாரோடு என்ன சச்சரவு, எதற்காக அணியை விட்டுப் போகிறார் என்பவை எல்லாம் கிடங்கிற்குள் இருப்பவை. ஆட்டம் நடக்கும் காலத்தில் நாம் பெரும்பாலும் முன்பகுதியைப் பற்றிப் பேசுகிறோம். ஏனெனில் பார்ப்பதற்குச் சரக்கு இருக்கிறது. ஓய்வுக் காலத்தில் முன்பகுதி வெறுமையாகிவிடுகிறது. பேச்சை நிறுத்தவும் மனம் வருவதில்லை. ஆகவே கிடங்கிற்குள் புகுந்துவிடுகிறோம், வாயால்!

ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாத இடத்தில் சொன்னால் அது புறம். இல்லாத குறையைச் சொன்னால் அது அவதூறு. இது மதரஸாவில் பாய் விரித்து அமர்ந்த நாளிலேயே நாம் கேட்ட பாடம். 'உண்மையைத்தானே சொன்னேன்' என்பது தப்பிக்கும் வழியன்று என்பதும் அப்பாடத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆட்டக்காரருக்கு மட்டும் இப்பாடத்தில் விலக்கு எங்கும் எழுதப்படவில்லை.

பேச்சு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு உலக வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்வோம். 1950-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி பிரேசில் நாட்டில் நடந்தது. ஜூலை 16 அன்று ரியோ நகரின் மரக்கானா அரங்கில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. சமநிலை கண்டாலே கிண்ணம் பிரேசிலுக்கு. ஆனால் உருகுவே 2-1 என்று வென்றுவிட்டது. வெற்றிக் கோலைப் போட்டவர் கிக்கியா. அவர் பந்தை நடுவே அனுப்புவார் என்று எதிர்பார்த்துக் கோல் காவலர் பார்போசா ஓரடி நகர்ந்தார். பந்து அவருக்கும் கம்பத்துக்கும் இடையே நுழைந்துவிட்டது. நொடிப்பொழுதுச் செயல். பார்போசா 2000-ஆம் ஆண்டில் இறந்தார். அந்த ஐம்பது ஆண்டுகளும் நாட்டின் தோல்வி முழுவதையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றிப் பேசினார்கள். அவருடைய காலத்துச் சிறந்த காவலர்களில் அவர் ஒருவர் என்பது மறைந்து, அந்த ஒரு பந்து மட்டும் நின்றது. அன்று ஆடியவர் பதினொருவர். விடாமல் தண்டனை அனுபவித்தவர் ஒருவர். அத்தண்டனையை எந்த நீதிமன்றமும் விதிக்கவில்லை. தேத்தண்ணீர்க் கடைகளும் தெருமுனைகளும் விதித்தன.

நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி அடிபடும் மற்றொரு குற்றச்சாட்டு, 'காசுக்காகப் போய்விட்டான்' என்பது. ஓர் ஆட்டக்காரர் கெடாவை விட்டு வேறு மாநில அணிக்குப் போனால் உடனே அவருக்குத் துரோகி என்று பெயர். பத்தாண்டுக்கு மேலாகக் கெடாவுக்கு ஆடிய பட்ரோல் பக்தியார் 2021 பருவத்துக்குச் சாபா அணியில் சேர்ந்தபோது கிளம்பிய பேச்சு நினைவிருக்கிறதல்லவா? சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம். ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளி, கூடுதல் கூலி தரும் இடத்துக்குப் போவது துரோகமா? பெல்ஜியம் நாட்டில் போஸ்மன் என்னும் ஆட்டக்காரர் இதே கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய அணி அவரைப் பணம் கேட்டுக் கட்டிப் போட்டிருந்தது. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்தவர் தம் விருப்பப்படி போகலாம் என்பது அதன் பிறகு ஆட்ட உலகத்தின் வழக்கமாயிற்று. நம் கடையில் வேலை பார்த்த பிள்ளை, கணக்கை முடித்துக்கொண்டு, சலாம் சொல்லி, சுங்கைப் பட்டாணியில் வேறு கடைக்குப் போகிறான். மனம் வருந்துகிறோம், துரோகி என்கிறோமா? கடை முதலாளிகளாகிய நம்மில் பலர் ஒரு காலத்தில் அப்படிப் போன பிள்ளைகள்தாமே!

போகிறவர் எல்லோரும் ஆசையால் போவதுமில்லை. 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கெடா அணி லீக் பட்டம், எப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் சேர்த்தே வென்றது. அஸ்ராய் கோர் பயிற்றுவித்த அந்த அணியில் கோல் மழை பொழிந்தவர் மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ், மேற்கிந்தியத் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். 2009 முதல் வெளிநாட்டு ஆட்டக்காரர்க்கு நம் லீக்கில் இடமில்லை என்று விதி வந்தது. சில ஆண்டுகள் கழித்தே அது தளர்ந்தது. விதி வந்தால் ஆட்டக்காரர் என்ன செய்வார்? போகத்தான் வேண்டும்.

அண்மைக் காலத்துச் செய்தி இன்னும் கசப்பானது. கெடா அணியின் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி என்ற செய்தி 2023 தொட்டு ஊரெங்கும் பேசப்பட்டது. முடிவில் 2025-26 பருவத்துக்குச் சூப்பர் லீக்கில் ஆடும் உரிமம் கெடா அணிக்குக் கிடைக்கவில்லை. ஐந்து முறை மலேசியக் கிண்ணத்தைக் கண்ட அணிக்கு நேர்ந்த கதி இது. அந்த ஓய்வுக் காலங்களில் நம் மேசைகளில் நாம் கேட்டதென்ன? 'மனம் வைத்து ஆடவில்லை', 'வேறு அணியோடு பேசிக்கொண்டிருக்கிறான்', 'மண்ணின் மேல் பற்றில்லை' என்பவையே. மாதக்கணக்கில் கூலி காணாத ஒருவன் வீட்டு வாடகைக்கு என்ன செய்வான், பிள்ளையின் பால்மாவுக்கு என்ன செய்வான் என்று கேட்டவர் சிலரே. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பள்ளிவாசலில் கேட்டுத் தலையசைக்கும் நாம், கூலி பெறாதவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தோம். கொடுக்க வேண்டியவரை விட்டுவிட்டுப் பெற வேண்டியவரைப் பழித்தோம். வணிகராகிய நமக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் போனது எப்படி?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதனை மறைப்பது நேர்மையன்று. 'ஐயம் எல்லாம் பொய்யா? 1994-இல் என்ன நடந்தது?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். அப்பருவத்தில் மலேசியாவில் ஆட்டங்களைக் காசுக்கு விற்ற ஊழல் வெளிப்பட்டது. காவல்துறை ஆட்டக்காரர் பலரை விசாரித்தது. பலர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். மேசைப் பேச்சில் புகைந்த ஐயம் அன்று வெறும் புகையாக இருக்கவில்லை. ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் நல்லவர் என்று நம்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. அந்த ஊழலில் குற்றம் செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்தது எது? விசாரணை. நம் பேச்சு அவ்வாறு பிரிக்கவில்லை. பிரிக்கவும் அதனால் இயலாது. அது எல்லோர் மேலும் ஒரே சேற்றை வாரி இறைத்தது. அன்று நேர்மையாக ஆடியவரும் ஒரு பந்தைத் தவறவிட்டால், 'எவ்வளவு வாங்கினான்?' என்ற கேள்விக்கு ஆளானார். மெய்யான ஐயம் உள்ளவர் அதைக் கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அதற்குத் துணிவு வேண்டும். நாம் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். மேசையில் பேசுவதற்குத் துணிவும் தேவையில்லை, பொறுப்பும் இல்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை.

இனி, முன்னர்ச் சொல்வதாகச் சொன்ன சம்பவத்துக்கு வருவோம்.

மலாய் மொழியில் கிரி என்றால் இடது; கானான் என்றால் வலது. சிடாம் கிரி, சிடாம் கானான் என்று இரண்டும் உண்டு. நம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, சிறிய அணி ஒன்றில் இடப்புறத்தில் ஆடுவான். சிடாம் கிரிக்காரன் இடப்பக்கம் ஆடாமல் வேறெங்கு ஆடுவான் என்று நம் கடையில் கேலி செய்வார்கள். நல்ல ஓட்டக்காரன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாய் ஓடும்போது திடலைச் சுற்றி நிற்பவர் எல்லோரும் கூடவே நகர்வார்கள். ஒரு பருவத்தின் கடைசியில் இரண்டு ஆட்டம் இருந்தன. முதல் ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தான், ஆனால் காலை இழுத்து இழுத்து ஓடினான், காவலர் இல்லாத கோலின் எதிரே நின்று பந்தை வெளியே அடித்தான். அணி தோற்றது. பருவமும் முடிந்தது.

அந்த ஓய்வுக் காலத்தில் நம் கடை மேசையில் பேச்சுத் தொடங்கியது. எதிர் அணியார் அவனுக்குக் காசு கொடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். முதல் வாரம் அது 'இருக்குமோ?' என்றிருந்தது. இரண்டாம் வாரம் 'இருக்கும்' என்றாயிற்று. மூன்றாம் வாரம் தொகையும் வந்துவிட்டது! நாம் கல்லாவில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். நாம் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தவாறே, 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்றோம். அவ்வளவுதான்.

அதே மாதம், நம்மோடு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு மொத்த வியாபாரி வந்தார். கடை கடையாகச் சென்று சரக்கு இறக்கிப் பணம் வசூலித்து வர அவருக்கு ஓர் ஆள் தேவை. அந்தப் பிள்ளை வேலை கேட்டிருக்கிறான். 'உங்கள் பக்கத்துப் பிள்ளையாமே, எப்படி?' என்று கேட்டார். நாம் 'நல்ல பிள்ளைதான்' என்று தொடங்கி, 'ஏதோ பேசிக்கொள்கிறார்கள்; நமக்குத் தெரியாது' என்று முடித்தோம். பணம் கையாளும் வேலை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

சில மாதம் கழித்து அவனோடு வேலை செய்யும் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பிள்ளை அப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர இரவு முறை பார்த்து வந்திருக்கிறான். ஒரு ஆட்டத்தன்று விடுப்புக் கிடைக்கவில்லை. மற்றொரு ஆட்டத்துக்கு இரவு முழுதும் நின்ற காலோடு தூங்காமல் நேரே திடலுக்கு வந்திருக்கிறான். இவ்வளவுதான் கதை. காசு கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. இரவு வேலையிலிருந்து விடுபடத்தான் அந்த மொத்த வியாபாரியிடம் அவன் வேலை கேட்டிருக்கிறான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே மொத்த வியாபாரியிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் நல்லவர், வருந்தினார். 'ஆனால் இப்போது இருக்கிற பிள்ளையை எப்படி நிறுத்துவது?' என்றார். அவர் கேட்டதும் நியாயமே. கடையில் அந்த மேசைக்காரர்களிடமும் சொன்னோம். 'அப்படியா?' என்றார்கள், அடுத்த அணி மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வாரம் சுவைத்துப் பேசிய செய்திக்குத் திருத்தம் கால் நிமிடம்கூட நிற்கவில்லை.

பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். எந்த இடத்தில் பேசினீர்களோ அந்த இடத்திலேயே அவனைப் பற்றி நல்லதைப் பேசுங்கள், அவனிடம் சொன்னால் அவன் மனம் மேலும் நோகும் என்றால் சொல்லாமல் இறைவனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். சில நாள் அப்படியே இருந்தோம். ஆனால் அவன் மாலைதோறும் வந்து, நம் எதிரிலேயே அமர்ந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, காசை வைத்து, 'வர்றேன் பாய்' என்று சொல்லிப் போவதை நம்மால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் தனியே அழைத்துச் சொல்லிவிட்டோம்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்பவே தெரியும் பாய். லாரிக்காரர் வந்து சொன்னாரு' என்றான்.

நமக்கு வியர்த்துவிட்டது. 'தெரிந்துமா தம்பி இத்தனை நாள் இங்கே வந்துகொண்டிருந்தாய்?' என்று கேட்டோம்.

'வேற எங்கே போறது பாய்? இங்கேதானே ஆட்டம் காட்டுறீங்க' என்றான்.

அவன் நம்மை மன்னித்தானா என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை என்பதே உண்மை. அவன் இன்னும் வருகிறான். அந்த வேலை மட்டும் வரவில்லை.

சகோதரர்களே! நாம் அன்று சொன்னவை இரண்டே வாக்கியங்கள். அவற்றில் பொய்யென்று ஒரு சொல்லைக்கூட எடுத்துக் காட்ட முடியாது. 'பேசிக்கொள்கிறார்கள்' என்பது உண்மைதான், பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எடைக்கல் சரியாயிருந்தும் தட்டின் அடியில் விரலை வைத்து நிறுத்தால் அது கள்ள எடை அன்றோ? நாம் செய்தது அதுவே. நம் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது என்பதால்தான் அந்த வியாபாரி நம்மிடம் வந்து கேட்டார். பல ஆண்டு நாணயத்தால் நாம் சேர்த்த மதிப்பை, இன்னொருவன் பெயரைக் குறைத்து நிறுக்கச் செலவழித்துவிட்டோம்.

மேசைகளை மடக்கி வைத்துவிடுங்கள், காற்பந்துப் பேச்சை நிறுத்துங்கள் என்று நாம் எவரையும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு நின்றால் நம் ஊரின் நான்கு இனத்து மக்கள் ஒன்றாய் அமரும் மேசையும் நின்றுவிடும். அணியை அமைக்கட்டும், கலைக்கட்டும், அடுத்த பருவத்தில் கெடா மீண்டு வருமா என்று விடிய விடிய வாதாடட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். ஓர் ஆட்டக்காரர் திடலில் செய்ததை விட்டு, அவர் மனத்திலும் மடியிலும் இருப்பதாகச் சொல்லப்படுவதைப் பற்றிப் பேச்சுத் திரும்பும்போது, கல்லாவில் அமர்ந்திருக்கும் நாம், 'நீங்கள் பார்த்தீர்களா, இல்லை எவரேனும் சொன்னாரா?' என்று ஒரு முறை கேட்போமாக. கடைக்காரர் கேட்டால் வாடிக்கையாளர் கோபிப்பார் என்று அஞ்ச வேண்டாம். நாம் சில காலமாகக் கேட்டு வருகிறோம். இதுவரை எவரும் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். சிலர், 'அதுவும் சரிதான் பாய்' என்று வேறு பேச்சுக்குப் போகிறார்கள்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. அதுவரை நம் மேசைகளில் பலருடைய பெயர்கள் வந்து போகும். பிறர் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற பொருளைப் போல் அப்பெயர்களை அமானிதமாகக் காத்து, குறையாமல் திருப்பித் தரும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வானாக.